போயா நாளில் பார்

கூட்டத்துக்கு நாள் குறிச்ச ஆளுக்குக்
கலண்டர் பார்க்கிற பழக்கம் இல்லைப் போல.
நாற்பத்திரண்டு பேருக்கு மேல்மாடி முழுக்கக் கேட்டு,
முற்பணம் கட்டி,
கொழும்பு டிஜே வரைக்கும் பேசி முடிச்சாப் பிறகுதான்
மனேஜர் சொன்னாராம்,
அண்டைக்குப் போயா எண்டு.

கீழை பேக்கரி, நடுவிலை பிரியாணி,
அதுக்கு மேலை நான்.
ஸ்டான்லி வீதியின்ரை மூண்டாம் மாடியிலை
போத்திலுகளுக்குப் பொறுப்பானவன்,
போத்தில் ராக்கையை வெள்ளை பெட்சீற்றாலை மூடிப்போட்டு
தேசிக்காய் பிழிஞ்சுகொண்டு நிண்டன்.
'அபிஷேகத்துக்குத் திரை விட்டமாதிரிக் கிடக்கண்ணை'
எண்டான் கோப்பை கழுவுற கஜீபன்.

வந்த ஆக்கள் எல்லாரும் எழுதுற ஆக்கள்.
ஆருக்கும் ஆரின்ரை முகமும் தெரியாது.
பத்து வருசமா ஒருத்தரை ஒருத்தர் வாசிச்சு,
கோவிச்சு, ராசியாகி, திரும்பக் கோவிச்சு,
இப்ப மூண்டு மாடி ஏறி மூச்சு வாங்கி,
நெஞ்சிலை குத்தின பெயர்ப்பட்டையைப் பார்த்து
அதுக்குப் பிறகுதான் கண்ணைப் பார்க்கினம்.
ஊமத்தங்காய் எண்ட பெயரிலை
ஊரையே கிழிச்சு எழுதினது
பல்லுக்குக் கம்பி கட்டின சின்னப் பெட்டை.
கொடுவாக்கத்தி, இளைப்பாறின தபாலதிபர்.
கதிரையை இழுத்த சத்தத்துக்கே
மூண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டார்.

'தம்பி, உள்ளுக்கை ஒண்டும் இல்லையோ?'
கண்ணைச் சிமிட்டினபடி
இதுவரைக்கும் ஏழு பேர்.
'நெல்லி ரசம் இருக்கு சேர்.'
ஏழாவது ஆள் நெல்லி ரசத்தை வாங்கி
சாராயம் குடிக்கிற மாதிரியே
முகத்தைச் சுழிச்சுக் குடிச்சார்.

இவ்வளவுக்கும் காரணமானது
நல்லூர்ப் பக்கத்தாலை மெல்ல எழும்பி வந்தது.
எல்லாரும் போனைத் தூக்கிச்சினம்.
வானத்திலை தாம்பாளம் அளவு,
நாற்பது போனிலையும் உளுந்தளவு.

நண்டுக் குழம்பு வந்தது.
ஆரும் தொடேல்லை.
ஒராள் லைற் பிடிக்க, ஒராள் கறிவேப்பிலையைத் திருப்பி வைக்க,
ஒராள் கதிரையிலை ஏறி நிண்டு
'கையை எடுங்கோ, நிழல் விழுது' எண்டார்.
குசினிக்குள்ளை இருந்து எட்டிப் பார்த்த றஞ்சினியக்கா
'ஆறுதடா, ஆறுது' எண்டு
தன்ரை நெஞ்சிலை தட்டினா.

பண்ணைப் பக்கத்து ஓரமேசையிலை
ரெண்டு பேர் மட்டும் படமெடுக்காமல் சாப்பிட்டினம்.
அந்தாளின்ரை இடக்கையிலை மூண்டு விரல்.
அவ கேக்காமலே
தன்ரை பல்லாலை கால் ஓட்டை உடைச்சு
சதையை அவரின்ரை கோப்பையிலை வைச்சா.
பிறகும் ஒண்டு. பிறகும்.
தேசிக்காய்த் தண்ணி வைக்கக் குனிஞ்சபோது
சட்டை மடிப்புக்குள்ளை அவரின்ரை பட்டையும்
சீலைத் தலைப்புக்குள்ளை அவவின்ரை பட்டையும்
கண்டிட்டன்.

ஒடியல் கூழுக்கு இறால் முதலோ நண்டு முதலோ எண்டு
ஸ்காபரோவிலை இருந்தும் கிளிநொச்சியிலை இருந்தும்
ஏழு வருசமா அடிபட்ட ரெண்டு பேர்.
'உமக்கு நாக்கு இருக்குதோ?' எண்டு அவர்.
'உமக்கு அம்மா இருந்தவவோ?' எண்டு அவ.
இரவு வேலை முடிஞ்சு
பஸ்சுக்குள்ளை இருந்து நான் வாசிச்சுச் சிரிச்சது.
ஒண்டும் சொல்லேல்லை.
ஐஸ் போடவோ எண்டு மட்டும் கேட்டன்.

டிஜே எட்டரைக்குத் தொடங்கினான்.
குடியாத சனம் ஆடாது எண்டது
அவனுக்கும் தெரியும்.
எதிர்க் கோயில் ஸ்பீக்கரிலை நாதஸ்வரம்,
இங்கை இடிக்கிற பாஸ்,
ரெண்டுக்கும் நடுவிலை காலி டான்ஸ் ப்ளோர்.
பேந்து தபாலதிபர் எழும்பினார்.
சப்பாத்தைக் கழட்டி ஒழுங்கா அடுக்கி வைச்சார்.
எந்தச் சத்தத்துக்கு ஆடினார் எண்டு
இப்பவும் எனக்கு விளங்கேல்லை.
ஆனால் ஆடினார்.
கம்பிப்பல்லுப் பெட்டை விசிலடிச்சுது.

பத்தரைக்கு எல்லாம் முடிஞ்சுது.
மேசையிலை கழட்டிப் போட்ட பட்டைகள்,
நண்டோட்டோடை சேர்த்துக் கஜீபன் வழிச்சான்.
கீழை ஓட்டோ பிடிக்கிற சத்தம்.
நான் விளிம்பிலை நிண்டு பார்த்தன்.
ஒரே ஓட்டோவுக்கு முன்னாலை அந்த ரெண்டு பேரும்.
'இறால் முதல்!' எண்டு அவவின்ரை குரல்
மூண்டு மாடிக்கும் கேட்டுது.
அவர் மூண்டு விரலையும் ஆட்டி என்னவோ சொன்னார்.
சிரிப்போ சண்டையோ,
இவ்வளவு உயரத்திலை பிடிபடேல்லை.
ஓட்டோக்காரன் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு
கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குக் கை எரிஞ்சுது.
நூற்றிப் பத்துத் தேசிக்காய்.