மூன்றோ எட்டோ

எடைமேடையில் லாரி நிற்கும்போது
காரைக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
"பஞ்சவர்ணம் அம்மாவா? வலது முழங்கால்,
நாலு வருஷத்துக்கு முந்தி மாற்றினது?"
ஆமாம் என்றேன்.
"கம்பெனி அதைத் திரும்பப் பெறுகிறதும்மா."

ஒரு கையில் போன், ஒரு கையில் எடைச் சீட்டு.
புதுவயல் மில் இரைச்சலில்
சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று
உமிக் குவியல் பக்கம் நகர்ந்து போனேன்,
அவர்கள் திரும்பப் பெறுகிற காலோடுதான்.

பதறாதீங்க என்று தொடங்கினாள் அந்தப் பெண்.
பேர் ஆரோக்கிய ஷாலினி. பார்த்து வாசிப்பது தெரிந்தது.
இரண்டு உலோகத்துக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வில்லை.
வில்லையில் குற்றமில்லையாம்.
வில்லையை அடைத்த பையில்
ஏழு அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.
காற்று புகுந்து, பெட்டியில் இருக்கும்போதே
பழசாகத் தொடங்கியிருக்கலாமாம்.
எல்லா அடுக்கும் உண்டு என்று
வெளியே லேபிள் மட்டும் ஒட்டியிருந்ததாம்.

இதை எனக்கா விளக்க வேண்டும்.
இருபத்தாறு வருஷமாக மூட்டை தைக்கிற இடத்தில்
கணக்கு எழுதுகிறேன்.
உள்பை இல்லாத சாக்குக்கு ஒரு மழைக்காலம் போதும்.
அரிசி நெடியடிக்கும், வண்டு வைக்கும்.
மேலே அச்சடித்த மயில் மட்டும்
தோகையை விரித்தபடி நிற்கும்.

நாங்களும் திரும்பப் பெற்றிருக்கிறோம்.
ஒரு தை மாதம், இட்லி அரிசி மூட்டையில்
பச்சரிசி லேபிளைத் தைத்துவிட்டான் சின்னக்கருப்பன்.
லேபிளை எடுத்துக் கொடுத்தது நான்.
தேவகோட்டைக்கும் கல்லலுக்கும் போன அறுபதில்
நாற்பத்தொன்பது திரும்பி வந்தது.
நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால்
சரசரவென்று வாய் திறந்துவிடும் மூட்டை.
மீதிப் பதினொன்றைப் பொங்கிவிட்டார்கள்.
குழையவே இல்லை என்று
கல்லலிலிருந்து ஒரு அம்மா போனில் வைதாள்.
முதலாளி சேவுகன் செட்டியார் போனைப் பொத்திக்கொண்டு
என்னிடம் சொன்னார்:
தின்னதையா திருப்பி வாங்க முடியும்,
இரண்டு கிலோ முந்திரி அனுப்பு.

எனக்கு என்ன அனுப்புவார்கள் என்று கேட்கவில்லை.

"எங்க ஃபைல்ல அந்தப் பக்கத்தைக் காணோம்.
உங்க அட்டையில் லாட் நம்பர் ஒட்டியிருக்கும், பாருங்க."
ரேஷன் கார்டு, கேஸ் புத்தகத்தோடு கிடந்தது அட்டை.
எப்போதோ தைலம் கொட்டி
கடைசி எண் கலங்கியிருந்தது.
மூன்று என்றால் எனக்கு ஒன்றுமில்லை.
எட்டு என்றால் என்னுடையது.

வெயிலில் பிடித்தேன். டியூப்லைட்டில் பிடித்தேன்.
மகன் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினான்.
பெரிதாக்கப் பெரிதாக்க அது எண்ணாகவே இல்லை,
எண்ணெய்க் கறைக்குள் கொஞ்சம் மை.
மூன்றுதான் என்றான், உடனே.
அவ்வளவு சீக்கிரம் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார்.
தேய்மானம் தெரியவில்லை, இப்போதைக்கு.
வலி இல்லையே, பிறகென்ன,
ஒழுகாத ஓட்டை யாராவது பிரிப்பார்களா என்றார்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்.
ஒரு படிவம் தந்தார்கள்.
பொருள் பெறப்பட்டது, பெறப்படவில்லை,
இரண்டே கட்டம்.
நான் எதில் டிக் அடிக்க என்று கேட்டேன்.
ஷாலினி கொஞ்சம் யோசித்து
"காலியா விடுங்கம்மா" என்றாள்.
வாசல் வரை வந்து கேட்டாள்:
"நடக்கையில் உள்ளே ஏதாவது சத்தம் வருதா?"

பகல் முழுக்க உமி பிரிக்கிற இயந்திரம்.
அதற்குள் எந்தச் சத்தத்தைத் தனியே கேட்க.

இன்று மின்தடை. பதினொரு மணிக்கு மில் நின்றது.
ஆட்கள் டீக்கடைக்குப் போனபின்
கிட்டங்கிப் படியில் ஏறினேன், இறங்கினேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன்.
ஒன்பது படி.
மேலே ஒரு புறா இடம் மாறி உட்கார்ந்தது.
ஐந்தாம் படியில் ஏதோ.
பல்லியாக இருக்கலாம்.
இறங்கி வந்து
அந்த ஒரு படியை மட்டும் ஏறிப் பார்க்கக்
காலைத் தூக்கினேன்,
கரண்ட் வந்துவிட்டது.