அரளி வேண்டாம்

வாரத்தில் நாலு ராத்திரி
ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்க்கிறவள் நான்.
செட்டிச்சாவடியில் கட்டிய வீட்டைச் சுற்றி
மூன்றரை சென்ட் மிச்சம்.
தண்ணீர் கேட்காத தோட்டம் வேண்டும்,
கத்தரி கேட்காத தோட்டம்,
நான் அரக்கோணம் தாண்டும் நேரத்தில்
என்னை நினைக்காத தோட்டம்.

அடிவாரத்து நர்சரியில் தீர்த்தகிரி
யோசிக்காமல் கை காட்டினார்:
அரளி.
"நட்டுட்டு மறந்துடுங்க மேடம்.
பைபாஸ் நடுவுல லாரிப் புகையக் குடிச்சே பூக்குது பாருங்க.
ஆடு தொடாது, மாடு தொடாது."

ஏன் தொடாது என்று
எங்கள் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.
அரளி விதை அரைத்த அம்மி
ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.
"நாய் இருக்குங்க" என்றேன்.

நாய் என்றால் சிமிட்டி.
அஸ்திவாரம் தோண்டிய வாரம்
மூட்டை ஷெட்டுக்குள் பிறந்த நாலில்
மிஞ்சிய ஒன்று.
சாம்பல் நிறம் பிறவியா பூச்சா என்று
முதல் மழை வரை தெரியவில்லை.
கொத்தனார் செங்கோடனை இரண்டு முறை கடித்திருக்கிறாள்.
கான்கிரீட் போட்ட அன்று ஈரத்தில் நடந்து
போர்ட்டிகோவில் பதினொரு காலடி.
பூசி மறைக்கவா என்று கேட்டவரிடம்
வேண்டாம் என்றதுதான்
இந்த வீட்டைப் பற்றி
யாரையும் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு.

நர்சரி வரிசையில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனோம்.
திருகுகள்ளி, பால் கண்ணில் பட்டால் போச்சு.
சைகஸ், கொட்டையில் விஷம்.
குரோட்டன்ஸ், அதுவும் ஆகாது.
பார்க்க ஆளில்லாமல் பிழைக்கிற ஒவ்வொன்றும்
உள்ளே எதையோ காய்ச்சி வைத்திருக்கிறது.
எனக்கு அது புரியும்.
"இவளுக்கு ஒண்ணும் வேணாம், அவளே பாத்துப்பா"
என்ற பேரோடு
ஒன்பது வருஷம் ஒரு வீட்டில் இருந்தவள்.

என்ஜினியருக்கு வேறு யோசனை:
வெள்ளைக்கல் ஜல்லி பரப்பிவிடுங்கள், களையே வராது.
இங்கே அதற்கா பஞ்சம்,
ஒரு முழம் தோண்டினால் வெள்ளைக்கல்தான்.
சித்திரை வெயில் ஒரு மணிக்குச்
செருப்பைக் கழற்றி அதன்மேல் நின்று பார்த்தேன்.
பதினேழு எண்ணுவதற்குள் இறங்கிவிட்டேன்.

கட்டம் போட்ட நோட்டில்
வளைந்து போகும் பாதை ஒன்று வரைந்தேன்.
சிமிட்டியிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது.
கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி,
தொட்டியிலிருந்து ரெஜினா டீச்சர் வீட்டுச் சுவர்.
நான் ரயிலில் இருக்கும் நாட்களில்
சோறு அந்தச் சுவரைத் தாண்டித்தான் வரும்.
மண் இறுகி, ஒரு சாண் அகலம், நேர்கோடு.
ரப்பர் எடுத்து என் வளைவை அழித்தேன்.

கடைசியில் நட்டது கொஞ்சம்தான்.
ரோட்டோரம் செம்பருத்தி.
தண்ணீர் வழியும் மூலையில் வெட்டிவேர்.
அருகம்புல்லை நடவில்லை, இருந்ததை விட்டுவைத்தேன்;
வயிறு சரியில்லாத காலையில்
சிமிட்டி தானே போய்க் கடித்துக்கொள்ளும் மருந்துக்கடை.
மேற்கு வெயிலுக்கு ஒரு பூவரசம்போத்து,
தீர்த்தகிரி காசு வாங்காமல் வெட்டிக் கொடுத்தது.

நட்ட இரவே தோண்டிப் போட்டாள்.
மறுபடி நட்டேன்.
மறுபடி.
மூன்றாம் முறை குந்தி உட்கார்ந்து குழியைப் பார்த்தேன்.
கல் தட்டாத ஒரே இடம்.
குளிர்ந்த மண், அவள் வயிற்றளவு அகலம்.
அங்கிருந்து தலையைத் தூக்கினால்
மலைப்பாதை விளக்குகள்
கொண்டை ஊசி கொண்டை ஊசியாக ஏறுவது தெரிகிறது.
போத்தை மேற்கே நாலடி தள்ளி வைத்தேன்,
சாயங்கால நிழல் குழிமேல் விழும் கணக்கில்.
விழ நாலு வருஷமாவது ஆகும்.

நேற்று ஜோலார்பேட்டை தாண்டி
பெட்டியில் எல்லோரும் தூங்கிய பிறகு
துளிர் வந்திருக்கிறதா என்று
டீச்சருக்கு மெசேஜ் போட்டேன்.
சென்ட்ரலில் இறங்கும்போது பதில் இருந்தது:
ரெண்டு இலை வந்துச்சு.
ஒண்ண நாய் தின்னுடுச்சு.