மோர் அதிகம்

ரொட்டிப் பெட்டியில் துணுக்குகள் மட்டும்.
கடைக்குப் போகலாம்.
போனால் காலணி, கையுறை,
கார் மேல் ஒரு சாண் பனி, நாற்பது நிமிடம்.
மூன்று மணிக்கே இருட்டிவிடும் கயானி நகரத்தில்
ஐந்தேகாலுக்கு மேல்
எனக்கு அந்த நெஞ்சுரம் கிடையாது.

அடுப்பை இருநூற்றைம்பதில் வைத்தேன்.
பார்லி மாவு இரண்டு கோப்பை,
கோதுமை ஒரு கை,
உப்பு, கொஞ்சம் சோடா.
மோர் கால் லிட்டர் போதும்.
பொட்டலத்தில் மிச்சம் வைப்பானேன் என்று
முழுதும் கவிழ்த்தேன்.
ஈஸ்ட் இல்லை, ஊறல் இல்லை,
இரு என்று சொல்லும் எதுவும் இல்லை ரியெஸ்காவில்.
காலையிலிருந்து தபால் பிரித்த கைக்கு
அதுதான் வேண்டியிருந்தது.

மாவு தளர்ந்துவிட்டது.
உருட்டினால் வழிந்தது, தட்டினால் ஒட்டியது.
ஈரக்கையால் பரப்பப் பரப்ப
நான் வட்டம் என்று நினைத்தேன்,
அது வேறொன்றை நினைத்தது.

முள்கரண்டியால் குத்துவது சைமியின் வேலை.
வேறு யாரும் குத்தினால்
அன்று அவள் சாப்பிட மாட்டாள்.
பாதி குத்தி நிறுத்தினாள்.
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
"இது ஹௌகியார்வி."

அடுப்பின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
இல்போ மேசையருகே கத்தியைத் துடைத்தான்,
துடைத்து வைத்த கத்தியையே.

ஆகஸ்டில் அந்த ஏரியில்தான்
எங்கள் படகு போனது.
படகின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு,
துளைக்கு ஒரு மூடி உண்டு.
மூடியைத் திருகாமல் தள்ளிவிட்டான்.
நால்வரும் நனைந்து கரையேறினோம்,
உயிருக்கு ஒன்றுமில்லை.
படகுக்கு இன்னும் பதினோரு தவணை.
மாதம் பத்தாம் தேதி வங்கியிலிருந்து செய்தி வரும்.
படிப்பான், ஃபோனைக் குப்புற வைப்பான்.
அதன் பிறகு ஏரியின் பெயர்
இந்த வீட்டில் புழங்கவில்லை.
மீன் வாங்கினால்கூடக் கடல்மீன்தான்.

"இங்கே சவுனா. இங்கே நாணல்.
இது அந்த வளைவு."
எல்யாஸ் கணக்கு நோட்டை மூடிவிட்டு வந்தான்.
"வளைவு இன்னும் உள்ளே போகும்" என்று
ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான்.
எனக்குத் தட்டைப் பிடுங்கி
அடுப்பில் தள்ள வேண்டும்போல் இருந்தது.
தள்ளினேன்.

பன்னிரண்டு நிமிடம்.
கண்ணாடிக்குப் பின்னால் ஏரி எழும்பியது,
அங்கங்கே கொப்புளித்தது,
கரையெல்லாம் கருகிய பழுப்பு.
நாங்கள் நால்வரும் அதை
டிவி போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
இல்போ கொஞ்சம் தள்ளி நின்று.

வியாழக்கிழமை, ஆகவே பட்டாணி சூப்.
தேய்த்த வெண்ணெய் உருகி
வளைவுக்குள் போய்த் தேங்கியது.
கத்தியை யாரும் தொடவில்லை.
கரையிலிருந்து பிய்த்தோம்.
நாணல் போனது,
சவுனா எல்யாஸின் வாயில்,
வடகரையை நான் சூப்பில் முக்கினேன்.
நடுவில் உள்ளங்கையளவு மிஞ்சியது.
அதன் பக்கம் போன கைகள்
வெண்ணெய் எடுக்க வந்தவைபோல்
திரும்பிப் போயின.

கடைசியில் இல்போதான் எடுத்தான்.
திருப்பி அடியைப் பார்த்தான்.
"இந்த இடத்தில் ஆழம் ஆறு மீட்டர்" என்றான்.
சூப் ஒரு கரண்டி குடித்தான்.
பிறகு,
"மூடி என் சட்டைப்பையில்தான் இருந்தது.
நீந்தும்போதும்."

சைமிக்கு மூக்கு வழியாக சூப் வந்தது.
எல்யாஸ் அவள் முதுகில் தட்டப் போய்
அவனும் மேசைமேல் கவிழ்ந்தான்.
நான் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
பதினோரு தவணை என்று
மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.
உதடு கேட்கவில்லை.

துண்டை நான்காகப் பிய்த்துக் கொடுத்தான்.
நடு சரியாக வேகவில்லை,
பல்லில் ஒட்டியது.
"மோர் அதிகமாகிவிட்டது" என்றேன்.
யார் காதிலும் விழவில்லை.
எல்யாஸ் மாவுப் பையைத் தூக்கி
வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தான்,
இன்னொன்றுக்குக் காணுமா என்று.