பதினேழாம் எண் மெத்தை

சிவப்பு ஒயின் என்றால் உப்பு, பிறகு குளிர்ந்த நீர்.
காப்பி என்றால் வினிகர்.
மைனா எச்சம் என்றால் தொடாதே, காயட்டும்,
காய்ந்தபின் கரண்டிக் காம்பால் சுரண்டு.
வெயில் கிரீம்தான் கெட்டது:
பூசும்போது பால்,
ஹோட்டல் கிணற்று நீரின் இரும்பு பட்டதும் துரு.
வெள்ளை மெத்தையில் ஓர் ஆளின் முதுகு
ஆரஞ்சு நிறத்தில் படுத்திருக்கும்
அவர் விமானம் ஏறி
ஆறு நாள் ஆன பிறகும்.

பெல் மார் கடற்கரையில் பதினொரு வருடமாக
நான் தேய்த்து அழிப்பது முதுகுகளை.
அகன்றவை, ஒடுங்கியவை,
ஒருக்களித்தே தூங்கிய ஒன்று,
ஒரே மெத்தையில் நெருங்கிப் படுத்த இரண்டு.
யார் என்று கேட்பதில்லை.
நூல் ஓடும் திசையில் பிரஷ் ஓட வேண்டும்,
எதிர்த்து இழுத்தால் துணி பிசிறும்.
அவ்வளவுதான் என் கவலை.

தைப்பூசத்தன்று நாட்டுக்கே விடுமுறை.
ஹோட்டலுக்கு இல்லை.
விடியலில் ஆற்றங்கரை,
தலையில் பால்செம்பு,
பத்து நாள் விரதத்தின் லேசான கிறுகிறுப்பு.
ஃப்ளாக் சாலையின் தார் உள்ளங்காலை வறுக்க
வாசலுக்கு வாசல் யாராவது
வாளியோடு நின்று ஊற்றினார்கள், மஞ்சள் தண்ணீர்.
முழங்கால்வரை மஞ்சள் காய்ந்து, மறுபடி நனைந்து, காய்ந்து.
கோயிலில் இறக்கிப் பார்த்தபோது
பால் திரியவில்லை.
அதை நினைத்துச் சந்தோஷப்பட நேரமில்லை:
இரண்டு மணி ஷிஃப்ட், ஒன்றரை மணி பஸ்.

பதினேழாம் எண் காலியாக இருந்தது.
குடை நிழல் சரியாக அதன்மேல் விழுந்தது.
ஒரு நிமிடம்.
செருப்பைக் கழற்றி
கால் நீட்டினேன்.
பதினொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை
அந்தப் பக்கத்திலிருந்து கடலைப் பார்த்தது.
அது அவ்வளவு கிட்டே இருக்கும் என்று தெரியாது எனக்கு.

எழுந்தபோது
எல்லாரும் முதுகை விட்டுச் செல்லும் இடத்தில்
இரண்டு குதிகால்கள்.
மஞ்சள்.

அவசரத்தில் புத்தி வேலை செய்யாது.
சோப்புத் தூளைக் கொட்டித் தேய்த்தேன்.
சோப்பு பட்டால் மஞ்சள் என்ன ஆகும் என்று
ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலக்கிய கைக்குத்
தெரிந்திருக்க வேண்டும்.
சிவந்தது. குங்குமமாகச் சிவந்தது.
எந்த வீட்டுப் பூஜைக்கு வந்து
வழி தவறிய தெய்வமோ,
நீச்சல் குளத்தோரம்
இரண்டு சிவப்புக் காலடி.

"ரத்தமா?" என்றாள் ஜோசியான்,
எங்கள் மேற்பார்வையாளர்.
இல்லை என்று தலையாட்டி
மெத்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

வினிகர் விட்டதும் சிவப்பு அடங்கி மஞ்சளுக்குத் திரும்பியது.
அதற்குமேல் அசையவில்லை.
பிளீச் வேண்டாம், தையல் நூல் இற்றுப்போகும்.
மஞ்சளுக்கு ஒரே மருந்து வெயில்.
சலவை அறைக்குப் பின்னால்
சவுக்கு நிழல் எட்டாத சிமென்ட் தரையில்
மெத்தையை மல்லாக்கப் போட்டேன்.
மதிலுக்கு அந்தப் பக்கம் விருந்தினர்கள்
மல்லாக்கக் கிடந்தார்கள்.
அவர்களுக்கு நிறம் ஏற,
இதற்கு நிறம் இறங்க,
செலவானது ஒரே வெயில்.

முதல் நாள் எலுமிச்சை.
இரண்டாம் நாள் பழைய காகிதம்.
மூன்றாம் நாள் மழை; உள்ளே தூக்கிப் போட்டேன்.
நான்காம் நாள் எனக்கு மட்டும் தெரிந்தது,
ஐந்தாம் நாள் எனக்கும் சந்தேகம்.

கறைப் பதிவேட்டில்
காரணத்துக்கு என்று ஒரு பத்தி:
கிரீம், பானம், உணவு, துரு, குழந்தை, பறவை.
மேலும் கீழும் பார்த்துவிட்டுப்
பறவைக்கு நேரே கோடு போட்டேன்.

ஜோசியான் மாலையில் ஏட்டைப் புரட்டினாள்.
பதினேழில் விரல் நின்றது.
என் காலைப் பார்த்தாள்;
நகக்கண்ணில் இன்னும் இருந்தது சஃப்ரான்.
அவள் வாயில் மஞ்சளுக்கு அதுதான் பெயர்.

"அந்தப் பறவையிடம் சொல்,"
ஏட்டை மூடிக்கொண்டே சொன்னாள்,
"அடுத்த வருடம் லீவு வேண்டுமென்றால்
அக்டோபரிலேயே எழுதிக் கொடுக்கட்டும்."