குகதாசன் சேரின் பாய்

கரவெட்டியிலிருந்து மாற்றலாகி வந்தவர் கையில்
ஒரு சூட்கேஸ், ஒரு மின்கேத்தில்,
சுருட்டிக் கட்டிய பிளாஸ்டிக் பாய்.
ஆர் வீட்டுப் பாயிலும் இருந்திடாதே என்று
தாய் சொல்லி அனுப்பியிருக்கிறா.
அவர் சொல்லவில்லை. பாய் சொன்னது.

எங்களுக்குத் தெரியாத கதையா?
மட்டக்களப்புக்குப் போனால்
பாயோடு ஒட்டிப்போடுவார்கள்.
நான் பயிற்சிக்கு வவுனியா போயிருந்த மாதம்
பக்கத்துக் கட்டில்காரி என் பாயைக் கண்டதும்
சிரித்துக்கொண்டே காலைத் தூக்கி வைத்தாள்.

மந்திரம் தெரிந்திருந்தால்
முதலில் லீசிங்காரனை ஒட்டியிருப்பேன்,
செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு
வேலிக்கு வெளியே கோன் அடிக்கிறவனை
அந்த மோட்டர்சைக்கிள் சீட்டிலேயே.
யானைவேலிக் கம்பியில் கரண்டை ஒட்டியிருப்பேன்,
அறுவடை முடியும்வரை.
கட்டாரில் நிற்கிற எண்ட மனுசனை
ஒரு வருசமாவது இந்தக் கதிரையில்.

கொக்கட்டிச்சோலைக் கமநலக் கந்தோரில்
சேர் எல்லாவற்றுக்கும் ‘பேந்து பாப்பம்’ என்பார்.
தேத்தண்ணி வேண்டாம், வயிற்றுப்புண்.
ஹாஜறா கொண்டுவந்த வட்டிலப்பம் வேண்டாம், சுகர்.
வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில்
இரண்டு வருத்தமும் சுகமாகிவிடும்.

சிரிக்க எனக்கும் முழு உரிமை இல்லை.
ஹாஜறா காத்தான்குடியிலிருந்து
நிறுத்துக்கொண்டு வருகிற கசுக்கொட்டையை
இன்னொருதரம் கையில் தூக்கிப் பார்க்கிறவள்தான் நான்.
அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.
‘குறைஞ்சா சொல்லு கா.’
குறைந்ததில்லை.
தூக்கிப் பார்ப்பதை நான் விட்டதுமில்லை.

மார்கழியில் மூன்று நாள் மழை.
உன்னிச்சைக் குளத்தில் கதவு திறந்தார்கள்,
மண்முனைப் பக்கம் பஸ் நின்றது.
சேரின் வாடகை அறைக்குள் புகுந்த தண்ணி
மின்கேத்திலைக் கவிழ்த்துப்போட்டு
பாயை மட்டும் கொண்டுபோனது.

பள்ளிக்கூடத்தில் நாற்பத்தொரு குடும்பம்.
அவர்தான் பட்டியல் எழுதினார்:
அரிசி, பால்மா, நுளம்புத்திரி, ஆர் ஆருக்கு மருந்து.
நல்ல எழுத்து.
ஒரு பெயரிலும் பிழையில்லை.
இரண்டாம் இரவு சிவமலரக்கா
ஆறாம் வகுப்புக்குள் ஒரு பன்பாயை விரித்துவிட்டு
ஒன்றும் பேசாமல் உலை பார்க்கப் போனா.
அவர் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு நித்திரை வென்றது.

விடிய வெயில். ஒரு சொட்டுக் காற்றில்லை.
சேர் எழும்பினார்.
பாயும் எழும்பியது,
வியர்த்த முதுகோடு பாதி.

‘அம்மோய், சேர் ஒட்டிட்டார்!’

சின்னனின் வாயைப் பொத்தியது ஒரு கை.
நாற்பத்தொரு குடும்பம் மூச்சு விடவில்லை.
சிவமலரக்கா அகப்பையோடு ஓடிவந்தா.
‘அசையாம நில்லுங்க சேர்’ என்று
மெதுமெதுவாய் உரித்தெடுத்தா.
அவ பயந்தது பாய்க்கு.
ஆயிரத்தி இருநூறு ரூபா,
ஒரு பன்னும் அறாமல் வந்தது.

சித்திரையில் அவருக்கு மாற்றம் கிடைத்தது.
எங்கள் வெக்கை பிடிக்காமலே வந்தார்,
பிடிக்காமலே போனார்.
பஸ்ஸடியில் மட்டும் சொன்னார்:
‘நல்ல சனம். நினைச்ச மாதிரி இல்லை.’
‘என்ன நினைச்சீங்க சேர்?’
ஹாஜறா உண்மையாகத்தான் கேட்டாள்.
பஸ் வந்துவிட்டது.

போன கிழமை ஃபோன் எடுத்தார்,
உரமானியக் கோவையில் ஒரு தாள் காணவில்லையாம்.
தேடி எடுத்து நம்பரை வாசித்தேன்.
அவருக்குப் பின்னால் கந்தோர்ச் சத்தம்,
ஆரோ கூப்பிட்டார்கள்.
‘சரி, மறுகா எடுக்கிறன்.’

மறுகா.

அங்கே பக்கத்து மேசையில்
ஆர் காலைத் தூக்கி வைத்தார்களோ.