கல்வெட்டு

கன்னியாவில் அம்மாவின் அந்தியேட்டி.
சுவேதவராக கல்பத்தில் தொடங்கிய ஐயர்
ஒரே மூச்சில்
இந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வந்துசேர்ந்தார்.

"இந்தப் பாறைக்கு வயசு
நூறு கோடிக்கு மேலே" என்றேன், வாய் சும்மா இராமல்.
அண்ணன் குணசீலன் முறைத்தான்:
"இராவணன் தாய்க்குக் கடன் கழிக்கக்
குத்தின கிணறு. இங்கயும் உன்ர பாடமோ?"

மழைநீர் வெடிப்பால் இறங்கி
ஆழத்தில் சுட்டுத் திரும்புவதைச்
சொல்லாமல் வாளியோடு தலையில் ஊற்றினேன்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
ஐந்தாவது, அம்மாவின் கடைசிக் காய்ச்சல்.

அச்சகத்திலிருந்து போன்:
"கல்வெட்டில வயசு என்ன போட?"
எழுபத்தொன்று என்றான் அவன்.
எழுபத்துநாலு என்றேன்.
பிறப்புப் பத்திரம் தொண்ணூறில்
நிலாவெளி வீட்டோடு எரிந்தது.

போனில் மெஷின் ஓடும் சத்தம்.
இருவர் விரலிலும் எள்
காய்ந்துகொண்டிருந்தது.