மைனஸ் ஏழு

மாலை ஆறே காலுக்கு
லா பாஸிலிருந்து தாள் வரும்.
மேட்டுநிலம் முழுவதற்கும் ஒரே தாள்:
"இரவு வெப்பம் மைனஸ் இரண்டிலிருந்து
மைனஸ் ஒன்பதுவரை."
அந்த இடைவெளிக்குள்
எங்கள் ஊர் எங்கே படுத்திருக்கிறதென்று
தாளுக்குத் தெரியாது.

அதனால் செவேரோவுக்கு ஃபோன் போடுவேன்.
கால்பந்துத் திடலுக்குப் பின்னால்
நாலு காலில் நிற்கும் வெள்ளைப் பெட்டியை
தினமும் திறந்து பார்ப்பவர்.
சம்பளம் கிடையாது.
ஒரு டார்ச், ஒரு நோட்டு,
எப்போதோ கொடுத்த ஒரு ஜோடி பூட்ஸ்.
"வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு,
ஏழு வரைக்கும் இறங்கும்" என்பார்.

ஏழு.
ஸ்பானிஷில் ஒரு முறை, ஐமாராவில் ஒரு முறை
மைக்குக்கு முன்னால் சொல்லும்போது
குரலைச் சந்தோஷமாக வைப்பதா
இறக்கிச் சொல்வதா
பதினோரு வருஷமாகியும் பிடிபடவில்லை.

ஆற்றோரம் பாசிலியா
முப்பது மூட்டை உருளைக்கிழங்கை
காய்ந்த புல்மேல் பரப்பி வைத்திருக்கிறாள்.
ஜூன் மாதம். அவளுக்குப் பனி வேண்டும்.
மூன்று இரவு, மேகமில்லாமல், விடாமல்.
இரவில் உறைந்து வெயிலில் இளகியதை
வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்தால்
கூழாங்கல்லாய்ச் சுருங்கிக் கறுக்கும்.
சுன்யோ.
வருஷக்கணக்கில் கெடாது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் இலாரியோன்.
மஞ்சள் பாலிதீன் கூடாரத்துக்குள்
எண்ணூறு லெட்டூஸ், எல்லாம் கடனில்.
ஐந்துக்குக் கீழே போனால்
அவனும் மனைவியும் விடிய விடிய
லாமாச் சாணம் மூட்டிப் புகை போடவேண்டும்.

இருவர் வீட்டிலும் என் நிலையம்தான்.
மற்றது இங்கே இரைச்சலாக எடுக்கிறது.

போன செவ்வாய் ஏழு என்றேன்.
பாசிலியா மீதி மூட்டைகளையும் அவிழ்த்தாள்.
இலாரியோன் சாணம் போதாமல்
அவளிடமே மூன்று சாக்கு வாங்கினான்,
பேரம் பேசி.
நள்ளிரவு தாண்டியதும்
ஏரிப் பக்கமிருந்து ஒரு மேகம்
யாரையும் கேட்காமல் வந்து
ஊர்மேல் போர்வையாகக் கிடந்தது.
மைனஸ் அரை. அவ்வளவுதான்.
அரைகுறையாய் உறைந்த கிழங்கு
மறுநாளே வியர்த்து நாறத் தொடங்கியது.
வெதுவெதுப்பான இரவில்
வீணாய்ப் புகைந்த கூடாரத்து லெட்டூஸை
சந்தையில் ஒருத்தி கிள்ளி முகர்ந்துவிட்டு
கூடையிலேயே போட்டாளாம்.

வியாழன் காலை இருவரும் வந்தார்கள்,
ஒரே மோட்டார் சைக்கிளில்.
பாசிலியா ஒரு கிழங்கை எடுத்து
என் மேஜைமேல் வைத்து விரலால் அமுக்கினாள்.
அறிக்கைத் தாள் நனைந்தது.
"இதையும் வாசி" என்றாள்.
யாரும் பேசவில்லை.
"புகை நாத்தம் அடிக்கிற கீரையை
யாருக்கு விற்க?" என்றான் அவன்.
"என் கிழங்கோட சேர்த்துக் கொதிக்க வை,
ரெண்டு பேர் நஷ்டமும் ஒரே பானையில்."
சிரிப்பு வந்தது. வரக்கூடாத நேரத்தில்.

செவேரோவே நேரில் வந்தார், தொப்பி கையில்.
நோட்டைக் காட்டினார்.
செவ்வாய்க்கிழமை: "மேகம். என் தப்பு."
அதற்கென்று கட்டம் இல்லாததால்
காற்றின் வேகம் என்ற கட்டத்தில்
எழுதியிருந்தார்.

அன்று மாலையும் அதே தாள்.
இரண்டிலிருந்து ஒன்பதுவரை.
வாசித்தேன்.
செவேரோ எட்டு என்றார்,
ஏரிப் பக்கம் ஒரு கண் வைக்கவும் சொன்னார்.
அதையும் வாசித்தேன்.
பிறகு என்ன தோன்றியதோ,
விளம்பரத்துக்கு முன்
மைக்கை அப்படியே திறந்து வைத்தேன்.
ஒரு நாய் குரைத்தது.
எங்கள் தகரக் கூரை
குளிரில் சுருங்கி
டக், என்றது. கொஞ்சம் விட்டு
மறுபடியும் டக்.

அதைக் கேட்டுத்தான்
பாசிலியா அடுத்த மூட்டையை அவிழ்த்தாளாம்.
அதைக் கேட்டுத்தான்
இலாரியோன் தீப்பெட்டி தேடினானாம்.

எட்டரை, என்று காலையில்
செவேரோ எழுதினார்,
இந்த முறை
அதற்குரிய கட்டத்தில்.